ஷிப்டில் இருந்தவள்

சட்டையை மாற்றியிருந்தார்கள். அப்பாவின் காலடியில் மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்த குமரகுருவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். வீட்டில் எப்போதும் போட்டிருக்கும் கை வைத்த பனியன் இல்லை. போன தீபாவளிக்கு அவன் வாங்கிக் கொடுத்து, அவர் ஒருநாள்கூடப் போட்டுக்கொள்ளாத வெள்ளைச் சட்டை. பக்கவாதத்தில் விழுந்த வலது கையைச் சட்டைக்குள் நுழைப்பது லேசில்லை. அக்குளில் தையலைப் பிரித்துவிட்டுத்தான் சங்கரி அவருக்குச் சட்டை போடுவாள். இதிலும் தையல் பிரிந்திருந்தது.

"எப்ப மாத்தின?" என்று தங்கையைக் கேட்டான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த சங்கரி தலையைத் தூக்கினாள். "இன்னாது?"

"சட்டைய."

"காலைல."

"முன்னாடியா, பின்னாடியா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஐயம்பேட்டை அத்தை காமாட்சியம்மாள் வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்க நைனா போயிட்டார்டா குமரா. கூடப் பொறந்தவன்னு எனக்கு இருந்தது அவரு ஒருத்தருதான்" என்றாள். குமரகுரு அவள் முதுகில் கை வைத்தபடி நின்றான். அழுகை வரவில்லை. அத்தையின் தோளுக்கு மேலாக அப்பாவின் இடது கையைப் பார்த்தான். வேட்டி மேல் எடுத்து வைத்திருந்த அந்தக் கையின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

அப்பா நமச்சிவாயம் காந்தி ரோடு பட்டுக் கடைகளுக்குப் புடவை வைக்கும் அட்டைப் பெட்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். ஊரே தறி வைத்திருந்தபோது அவர் மட்டும் பசையும் கத்தரியுமாக உட்கார்ந்திருந்தார். மனைவி போன பிறகு பிள்ளைகள் இரண்டு பேரையும் அந்தப் பெட்டிகளை வைத்துத்தான் படிக்க வைத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பசை கிளறிக்கொண்டிருந்தபோது கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. அதற்கப்புறம் வலது பக்கம் அசையவில்லை. பேச்சு குழறியது. மற்றபடி நினைவு தெளிவாகத்தான் இருந்தது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் காட்டுவார்.

"கடைசில இன்னா சொன்னாருன்னு கேட்டா, அம்மான்னு கூப்ட்டாருன்றா இவ" என்றாள் அத்தை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எங்கம்மாவத்தான் கூப்ட்டிருப்பாரு."



குமரகுரு சங்கரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "கஞ்சி குடிச்சாரா?"

"குடிச்சாரு."

"முழுசா?"

"கொஞ்சம் மீந்துச்சு."

"உக்காத்தி வெச்சுத்தான குடுத்த?"

அவள் அவனைப் பார்த்தாள். "டெய்லி எப்டிக் குடுப்பனோ அப்டித்தான் குடுத்தேன்."

"அப்றம் படுக்க வெச்சிட்டியா? இல்ல, உக்காந்துக்கினே இருந்தாரா?"

"அண்ணா, வெளிய ஆளுங்க வந்துக்கினு இருக்கறாங்க. போய் நில்லு" என்றாள்.

அவன் வாசலுக்குப் போனான். அத்தை மகன் தனசேகரன் பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான். காலையில் சென்னைக்குப் போன் செய்தவனும் அவன்தான்.

அந்தப் போன் வந்தபோது குமரகுரு கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தான். ஒரு பெரிய கம்பெனியின் கணக்கு முழுவதும் ஓடுகிற மெயின்ஃப்ரேம் அங்கே இருந்தது, ஒரு தளத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் கம்ப்யூட்டர். அதில் அவன் பதினோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தான். டேப் மாட்டுவது, பிரிண்ட் எடுப்பது, திரையில் மெஷின் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தட்டுவது எல்லாம் ஆபரேட்டர் வேலை. மெஷின் நின்றுபோனால் ஆபரேட்டர் ஒன்றும் செய்ய முடியாது. சிஸ்டம்ஸ் புரோகிராமருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் வந்துதான் மெஷினின் உள்விவகாரத்தைப் பார்ப்பார். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் தேதி குழம்பிவிடும் என்ற பயத்தில் எல்லாக் கம்பெனிகளும் அப்படிப்பட்ட ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தன. இவன் சென்டரில் இருந்த இரண்டு பேரும் அடுத்தடுத்து அமெரிக்கா போய்விட்டார்கள். ஆளில்லாமல் தவித்த மேனேஜர் சக்ரவர்த்தி உள்ளேயே ஒரு பரீட்சை வைத்தார். ஓய்வு நேரத்தில் தடித்தடியான மேனுவல்களைப் படித்துக்கொண்டிருந்த குமரகுரு அதில் தேறி சிஸ்டம்ஸ் புரோகிராமர் ஆனான். இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து மெஷினுக்குப் புது சிஸ்டம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு காலை, வேலை பாதியில் இருக்கும்போது ஆபரேட்டர் யேசுதாஸ் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். "குரு சார், ஊர்லேர்ந்து போன்" என்றான். குமரகுரு பேசிவிட்டு வந்ததும், "நீங்க கிளம்புங்க சார். சக்ரவர்த்தி சாருக்கு நான் சொல்லிடறேன்" என்றான். ஆனால் குமரகுரு உடனே கிளம்பவில்லை. பாதியில் விட்டால் திங்கட்கிழமை மெஷின் எழுந்திருக்காது. அது எழுந்து முதல் வேலையை வாங்கிக்கொள்ளும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பிராட்வேயில் பஸ் ஏறினான். இறந்துவிட்டார் என்றுதானே சொன்னார்கள், உடம்பு முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்பேன் என்று ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

"டாக்டர் எங்க இருக்காரு?" என்று தனசேகரனைக் கேட்டான்.

"வந்து பாத்துட்டுப் போயிட்டாரு மச்சான். சர்ட்டிபிகேட் வாங்கி வெச்சிட்டேன். ஒண்ணும் கவலை இல்ல."

"ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

"இப்ப எதுக்கு? நாலு மணிக்குள்ள எடுக்கணும்ன்றாங்க."

குமரகுரு செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

டாக்டரின் வீடு அடுத்த தெருவில். ஞாயிற்றுக்கிழமையானதால் கிளினிக் பூட்டியிருந்தது. மாடியில் லுங்கியோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்கதான் கம்ப்யூட்டர்ல இருக்கற பையனா? உக்காருங்க" என்றார்.

"நைனாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன் சார்."

"எழுபது வயசுக்கு மேல ஆச்சு. ஏற்கெனவே ஸ்ட்ரோக். ஹார்ட் நின்னுடுச்சு."

"ஹார்ட்தான் மொதல்ல நின்னுச்சா? இல்ல, வேற ஏதோ ஆகி, அதனால ஹார்ட் நின்னுச்சா?"

டாக்டர் சிரிக்கப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "கடைசில எல்லாருக்கும் ஹார்ட்தான் நிக்குது தம்பி."

"நகமெல்லாம் நீலமா இருக்குது சார். பனியன மாத்தியிருக்காங்க."

உள்ளே டீவி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் எழுந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு முழுங்கற தசை சரியா வேலை செய்யாது. கஞ்சியோ தண்ணியோ ஒரு வாய் தப்பான பக்கம் போயிடுச்சுன்னா இருமித் தள்றதுக்கு பலம் இருக்காது. பக்கத்துல ஆள் இருந்து, நிமித்தி, முதுகுல தட்டினா சில சமயம் வெளிய வந்துடும். சில சமயம் என்ன பண்ணாலும் வராது." கை துடைத்த துண்டை மடித்து வைத்தார். "நான் போனப்ப உங்க தங்கச்சி அவர் தலைய மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வாயெல்லாம் சுத்தமாத் தொடச்சி வெச்சிருந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல. வேற மாதிரி எழுதினா போலீஸ், ஆஸ்பத்திரி, போஸ்ட்மார்ட்டம்னு அலையணும். இந்த வயசுல அது எதுக்குன்னு ஹார்ட்னு எழுதினேன். அது பொய்யும் இல்ல."

"பக்கத்துல ஆள் இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிக்கிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"தெரிஞ்சா போதும் சார்" என்றான் குமரகுரு.

வெளியே வெயிலில் கண் கூசியது. தெருவில் இரண்டு பேர் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடம்விட்டு ஓரமாக நடந்தான்.

காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது அவன் தொழில். மெஷின் நின்றுபோனால், அது நின்ற கணத்தில் உள்ளே என்னென்ன இருந்ததோ அத்தனையையும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு தேட வேண்டும். பக்கம் பக்கமாக எண்களும் எழுத்துகளும் வரும். கடைசியாக எது ஓடியது, அதற்கு முன்னால் எது, அதை ஓடச் சொன்னது எது என்று பின்னோக்கிப் போக வேண்டும். அவனுக்கு அது பிடித்திருந்தது. ஆபரேட்டராக இருந்த வருஷங்களில் மெஷின் ஏன் நின்றது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. மறுபடியும் ஓடுகிறதா என்பதோடு அவன் வேலை முடிந்துவிடும்.

புது வேலைக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு வேலை பாதியில் அறுந்து, மறுநாள் கிளைகளுக்குப் போக வேண்டிய கணக்கு போகவில்லை. குமரகுரு இரண்டு நாள் உட்கார்ந்து தேடினான். கடைசியில் கிடைத்தது. மெஷின் கேட்ட ஒரு கேள்விக்கு யேசுதாஸ் தப்பான பதிலைத் தட்டியிருந்தான். 'ஆபரேட்டர் தவறு' என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தான். சக்ரவர்த்தி அதைப் படித்துவிட்டு, இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லை என்றார். அன்றைக்கு ஷிப்டில் இரண்டு பேர் வராமல் யேசுதாஸ் தனியாளாக நின்றதும், ஒரே சமயத்தில் டேப்பும் பிரிண்டரும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததும் அந்த ரிப்போர்ட்டில் இல்லை. அதெல்லாம் மெஷினுக்குள் பதிவாகிற விஷயங்கள் அல்ல. யேசுதாஸுக்கு மெமோ வந்தது. அவன் சண்டை போடவில்லை. பத்து வருஷம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவன், அடுத்த நாளிலிருந்து குமரகுருவை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்து, பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனான். கொடியில் அப்பாவின் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் படுக்கை விரிப்பு. இரண்டிலும் இன்னும் ஈரம் இருந்தது. துவைக்கும் கல் அருகே பித்தளைக் குடம் வாய்வரை நிறைந்து நின்றது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் குடத்தில் பாதிதான் இருந்தது.

சங்கரி கையில் வாளியோடு வந்தாள். அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டிருந்தார்கள்.

"இன்னிக்கி குழாத் தண்ணி விட்டாங்களா?" என்று கேட்டான்.

"விட்டாங்க."

"நைனாவுக்கு கஞ்சி குடுக்கறதுக்கு முன்னாடியா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அவன் கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

"நீ இன்னா கேக்கணுமோ அதக் கேளு."

"நான் ஒண்ணும் கேக்கல. நடந்தத வரிசையாச் சொல்லுன்னுதான்..."

"வரிசையாவா" என்றாள். குரல் உயரவில்லை. "காலைல எழுப்பினேன். துணி மாத்தினேன். பல்லு வெளக்கி விட்டேன். கஞ்சி குடுத்தேன். நேத்தும் அப்டிதான். முந்தாநேத்தும் அப்டிதான். நீ மெட்ராசுக்குப் போனதுலேர்ந்து டெய்லி அப்டிதான். இதுல எந்த வரிசை வேணும் உனக்கு?"

குமரகுரு விரிப்பிலிருந்து கையை எடுத்தான்.

"போன வாரம் வரன்னு சொன்ன. நைனா வாசலயே பாத்துக்கினு இருந்தாரு. மெஷின்ல வேலைன்னு எதிர்வீட்டுக்குப் போன் பண்ண. அதுக்கு முந்தின வாரமும் பண்ண. நான் எதுனா கேட்டனா?"

அவள் வாளியில் தண்ணீரை ஊற்றினாள். பாதித் தண்ணீர் கல்லில் விழுந்து ஓடியது. திடீரென்று அவன் பக்கம் திரும்பி, "அண்ணா, ரெண்டு கொடம் புடிச்சிட்டு வந்துடலாம்னுதான்..." என்று ஆரம்பித்தாள்.

"சங்கரி" என்றான் அவன். "குடு, நான் எடுத்துக்கினு போறேன்."

வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஆபரேட்டராக இருந்தவரை அவன் கேட்டு வாங்கி இரவு ஷிப்ட் பார்த்தான். காலை ரயிலில் செங்கல்பட்டு வழியாக வந்து இறங்கி, அப்பாவைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, அவர் கட்டிலுக்குக் கீழேயே பாயைப் போட்டுத் தூங்குவான். அந்த நேரத்தில் சங்கரி காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்கு விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணப் புடவைக்கு வருகிறவர்கள் அவளைத் தேடிக் கேட்பார்கள் என்று முதலாளி சொல்வார். சிஸ்டம்ஸுக்கு மாறியதும் இரவு ஷிப்ட் போய்விட்டது. எந்த நேரமும் கூப்பிடுவார்கள், போன் உள்ள இடத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். திருவல்லிக்கேணியில் மாடிப்படி ஏறிப் போகிற ஓர் அறையை எடுத்துக்கொண்டான். அப்பாவை அந்தப் படியில் ஏற்ற முடியாது. கடையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று சங்கரிதான் முதலில் சொன்னாள். அவன் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிட்டதில் அன்று அவனுக்குப் பெரிய நிம்மதி இருந்தது.

குளிப்பாட்டி, கோடி வேட்டி கட்டி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசினார்கள். சேகண்டி அடிப்பவர் வாசலில் நின்று அடித்தார். நேரமாகிவிட்டது, பெண்கள் எல்லாம் வாய்க்கரிசி போட்டுவிடுங்கள் என்று தனசேகரன் சொன்னான். அத்தை முதலில் போட்டாள். பிறகு உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து போட்டார்கள். எதிர்வீட்டு அம்சவேணி போட்டுவிட்டு நகர்ந்து நின்றாள். மகள் என்பதால் சங்கரியைக் கடைசியில் விட்டிருந்தார்கள்.

அவள் கையில் அரிசியோடு அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். தாடையைக் கட்டியிருந்த துணியை மீறி வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உதட்டில் மற்றவர்கள் போட்ட அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. சங்கரி கையை நீட்டினாள். நீட்டிய கை அங்கேயே நின்றது.

"போடு. நேரமாவுது" என்றாள் அத்தை.

சங்கரி அசையவில்லை.

"பெத்த அப்பனுக்கு வாய்க்கரிசி போட இன்னாடி யோசன? காலைலேர்ந்து நானும் பாக்கறேன், எதக் கேட்டாலும் சரியா வாயத் தொறக்க மாட்டன்ற. எங்கண்ணன் போறப்ப நீ பக்கத்துல இருந்தியா, இல்லியா?"

"விடுங்கம்மா" என்று அம்சவேணி முன்னால் வந்தாள். சங்கரிக்குப் பரிந்து பேசுவதாகத்தான் அவள் நினைத்தாள். "பாவம், ஒண்டியா அவ எதத்தான் பாப்பா? குழாயண்ட என்கூடத்தான் நின்னுக்கினு இருந்தா. ரெண்டாவது கொடம் நெறையக்கூட இல்ல, நைனா இருமற மாதிரி கேக்குதுன்னு ஓடியாந்தா..."

சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தன்னைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். சேகண்டிக்காரர் கையும் நின்றுவிட்டது.

அத்தை சங்கரியைப் பார்த்த பார்வை மாறியது. "அப்போ நீ இல்ல" என்றாள்.

"அத்தை" என்றான் குமரகுரு. "இப்பதான் டாக்டரப் பாத்துப் பேசிட்டு வரேன்."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஆபீசில் நாலு பேர் நடுவில் பேசும் குரலில்தான் அவன் பேசினான்.

"தூக்கத்துல போயிருக்காரு. கஞ்சி குடிச்சிட்டுக் கண்ண மூடினவரு, அப்டியே ஹார்ட் நின்னிருக்குது. பக்கத்துல டாக்டரே உக்காந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதாம். அவரேதான் சொன்னாரு."

"இருமற மாதிரி கேட்டுச்சுன்னு இவ சொல்றாளே."

"அது நைனா டெய்லி இருமறதுதான். தெருவுல இருந்தாலே கேக்கும்."

"அம்மான்னு கூப்ட்டாருன்னாளே."

"அது கஞ்சி குடிக்கறப்ப."

அத்தை அவன் முகத்தையே பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. அண்ணன் எப்படிப் போனார் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்.

"தூக்கத்துலயா?" என்றாள்.

"ஆமா அத்தை. வலியே தெரிஞ்சிருக்காதுன்னாரு."

அத்தையின் முகம் தளர்ந்தது. "அந்தமட்டும் நல்லது" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சங்கரி அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா எப்படிப் போனார் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் அவளும் அவனும்தான். அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவள் விரல்களுக்கு இடையிலிருந்து இரண்டு மூன்று அரிசி உதிர்ந்தது.

"வாயில வேணாம்" என்றான் குமரகுரு தணிந்த குரலில். "நெஞ்சு மேல போடு. போதும்."

அப்படி ஒரு வழக்கம் இல்லை. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் விட்டாள். சங்கரி குனிந்து கையிலிருந்ததை அப்பாவின் மார்பில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். உள்ளங்கையை அங்கேயே கொஞ்ச நேரம் அழுத்தி வைத்திருந்தாள். பிறகு அம்சவேணி வந்து அவளை மெல்ல விலக்கி அழைத்துக்கொண்டு போனாள்.

தூக்கும்போது பெண்கள் தெருமுனை வரைக்கும் வந்து நின்றார்கள். குமரகுரு கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். புகை கண்ணில் அடித்தது. வேகவதி ஆற்றில் தண்ணீர் இல்லை, முள்செடிகள்தான் இருந்தன. தலை மழித்தார்கள். தோளில் குடம் வைத்துச் சுற்றச் சொன்னார்கள், சுற்றினான். வைக்கச் சொன்ன இடத்தில் தீயை வைத்தான். திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னதும் அப்படியே நடந்தான். செய்ய வேண்டியதை யாரோ ஒருவர் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

திரும்பும் வழியில் எஸ்.டி.டி. பூத் ஒன்று திறந்திருந்தது. சென்டருக்குப் போன் போட்டான். யேசுதாஸ்தான் எடுத்தான். ஷிப்ட் முடிந்தும் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

"மெஷின் நல்லா ஓடிக்கிட்டிருக்கு சார். எதுவும் நிக்கல. அங்க எல்லாம் ஆச்சுங்களா?"

"ஆச்சு."

"எப்படி சார், திடீர்னு?"

"தூக்கத்துல" என்றான். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருந்தது.

"கூட யார் இருந்தாங்க?"

குமரகுரு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. "தங்கச்சி இருந்தா" என்றான். "அவதான் இருந்தா. கடைசி வரைக்கும்."

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பா கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. ஐயம்பேட்டையிலிருந்து சோறும் ரசமும் மோரும் ஆட்டோவில் வந்திருந்தன. அத்தை எல்லோருக்கும் இலை போட்டாள். சங்கரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து குமரகுருவின் பக்கத்தில் உட்கார வைத்தாள். "காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல இது" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே அவள் இலையில் சோற்றை வைத்து ரசம் ஊற்றினாள்.

சங்கரி பிசைந்துகொண்டிருந்தாள். பருக்கை ஒன்றுகூட மிஞ்சாமல் விரல்களால் நசுக்கி, இன்னும் கொஞ்சம் ரசத்தை இழுத்துவிட்டு, மறுபடியும் நசுக்கி, சின்னக் குழந்தைக்கும் இறங்கும்படி மசித்துக்கொண்டே இருந்தாள். மசித்ததை இலையின் ஓரமாகச் சிறு சிறு உருண்டைகளாக ஒதுக்கினாள். முதல் உருண்டையை எடுத்து, கையை முன்னால் நீட்டினாள்.

கை பாதியில் நின்றது. எதிரே சுவர்தான் இருந்தது.

குமரகுரு தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மெதுவாக விழுங்கினாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். அவன் மோர்ப் பாத்திரத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான்.